சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டு டிகிரி

இருபத்திரண்டு ஓணங்களுக்கு மைதீன் திருவனந்தபுரத்து வீடுகளுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார். ஓணத்துக்கு எட்டு வீடு என்று வைத்தாலும் நூற்று எழுபத்தாறு வீடு. அத்தனை வீட்டிலும் செய்யாத ஒரு காரியத்தை, இருபத்து மூன்றாவது ஓணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, வலியசாலையில் ஒரு படுக்கையறை வாசலில் நின்று செய்தார். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ரூமுக்கு நான் அடிக்கல மாமி" என்றார்.

இந்த ஊரில் அது சாதாரணப் பேச்சு இல்லை. ஆனியும் ஆடியும் வானம் ஓட்டையாகி ஊற்றும். ஆவணி பிறந்ததும் நகரம் முழுக்க ஏணி சாய்ந்துவிடும். ஓணத்துக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். இரண்டு மாதம் தண்ணீர் குடித்த சுவர் காய்ந்ததா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசிவிடுவார்கள். ஐப்பசி மழைக்குப் பெயின்ட் கொப்புளம் கட்டும், பொரிந்து உதிரும். அடுத்த ஆவணியில் மறுபடி ஏணி. மைதீனும் கேட்டதில்லை.

வீட்டுக்காரியான ஜெயலக்ஷ்மி மாமி தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. அவர் டப்பாவைப் பார்த்தார், மைதீனைப் பார்த்தார்.

"அடிக்கலைன்னா என்ன அர்த்தம்? ஐவரி கலர்னா எடுத்துண்டு வரச் சொன்னேன்?"

"ஐவரிதான் கொண்டாந்திருக்கேன். போன வருசமும் ஐவரிதான் அடிச்சேன். அதுக்கு முந்தின வருசமும் அதேதான். எங்க போச்சு அது?"

மரப் பீரோவை ஒரு சாண் நகர்த்தினார். பின்னால் சுவர் கறுப்பாக இருந்தது. கரும்பச்சையும் சாம்பலுமாக, வெல்வெட் துணி ஒட்டினாற்போல, நெஞ்சு உயரத்திலிருந்து மேலே ஒரு முறத்தின் வடிவில் விரிந்திருந்தது. நடுவில் பெயின்ட் உரிந்த இடத்தில் போன ஆண்டின் அடுக்கு தெரிந்தது, அதற்கடியிலும் கறுப்பு. இரண்டு ஓணமாக அவர் பூசி மறைத்ததெல்லாம் அடுக்கடுக்காக அங்கே இருந்தது.

"பூப்பலாக்கும். மழைக்காலத்துல எல்லார் ஆத்துலயும் உண்டு" என்றார் மாமி. இந்த ஊர்த் தமிழர் பாதிப் பேர் பூஞ்சணத்தை மலையாளத்தில் பூப்பல் என்றுதான் சொல்வார்கள். "பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தேச்சேன். வெளுத்துடுத்து. எட்டு நாள்ல திரும்பவும் வந்துடுத்து."

"வெளுத்தது மேலதான் மாமி. வேர் உள்ள இருக்கு. அதுக்குத் தண்ணி கிடைச்சுக்கிட்டே இருக்கு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாம நான் இதுமேல கை வைக்க மாட்டேன்."

அந்த அறை மாமியின் மகள் ஸ்ரீலட்சுமிக்கு. எட்டு மாதக் கர்ப்பிணி. கழக்கூட்டத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறாள். அங்கிருந்து அவள் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் ஆகும், வலியசாலையிலிருந்து ஆட்டோவில் பத்தே நிமிஷம். அதனால்தான் பிரசவம் வரை அம்மா வீடு என்று முடிவானது. இரண்டு வாரம் முன்பு பெட்டியோடு வந்தாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு, ஆனால் நாலு வருஷமாக அடங்கியிருந்தது. இந்த அறையில் படுத்த இரண்டாம் நாளே மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. நெபுலைசர் வைத்து இறக்கிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ரூமில் படுத்தீர்கள்?"

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைத் தூசு போலக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும் என்றார் அந்த டாக்டர். பெரும்பாலான பேருக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்போடு போகும். சிலருக்கு அதுவும் வராது. ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழாய் இறுகும். வயிற்றுக் குழந்தைக்கும் சேர்த்து மூச்சு விட வேண்டியவள் அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. மருந்தைக் கூட்டுவதைவிட அறையை மாற்றுவது மேல். ஸ்ரீலட்சுமி பெட்டியை எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்துக்கே திரும்பிவிட்டாள். அறை சரியானால் வருவாள், இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரச் சாலையை நம்பி ஒன்பதாவது மாடியிலேயே இருப்பாள். அதனால்தான் மாமி பெயின்டருக்குச் சொல்லியனுப்பினார். பெயின்ட் அடித்தால் பூப்பல் போய்விடும் என்பது அவர் கணக்கு.

அது தப்புக் கணக்கு என்று மைதீனுக்குத் தெரிந்ததும் ஓர் ஆஸ்பத்திரியில்தான். கடையநல்லூரிலிருந்து இருபத்து மூன்று வயதில் வந்தவர், இப்போது நாற்பத்தைந்து முடிந்துவிட்டது, மணக்காட்டில் வாடகை வீடு. ஆறு வருஷம் முன்பு மூன்று மாதம் விடாத இருமல். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. டாக்டரம்மா, "நேத்து என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். "உப்புத்தாள் போட்டுச் சுவர் தேய்ச்சேன்." "சுவர் கறுப்பா இருந்துச்சா?" அந்த இரண்டாவது கேள்வி மைதீனை விடவேயில்லை. அன்றிலிருந்து முகக்கவசம் இல்லாமல் சுவரைத் தேய்ப்பதில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் சுவரைப் பற்றியே படித்தார், பார்த்தார். படித்ததைச் செய்துபார்க்கத்தான் இதுவரை வீடு வாய்க்கவில்லை.

போன் அடித்தது. கான்ட்ராக்டர் ஹரிகுமார்.

"மைதீனே, எந்தா பிரச்சனை? மாமி போன்ல விளிச்சா. ரெண்டு நாள் வேலை, அடிச்சிட்டு இறங்கு. இனி ஆறு வீடு பாக்கி உண்டு."

"மத்த ஆறையும் அடிச்சித் தாரேன் அண்ணாச்சி. இந்த ஒரு ரூம் மட்டும் வேண்டாம். புள்ளத்தாச்சி படுக்கப்போற ரூமு."

"நீ பெயின்டரோ டாக்டரோ?"

"நாளக் காலைல சொல்லுதேன்" என்று மைதீன் வைத்துவிட்டார்.

முதல் வேலை தண்ணீரைக் கண்டுபிடிப்பது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். அந்த இடத்துக்கு மேலே வெடிப்பு இல்லை. அடியிலிருந்து ஓதம் ஏறினால் தரையை ஒட்டித்தான் முதலில் தெரியும். இங்கே கீழே மூன்றடி சுத்தம். மிச்சமிருந்தது பக்கத்து வீடு. வலியசாலை அக்கிரகாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அந்தச் சுவரின் மறுபக்கம் சுஜித்தின் வீடு.

"அவன்தான். நான் எட்டு மாசமா சொல்லிண்டிருக்கேன்" என்றார் மாமி. "அவா குளிமுறி ஜலம்தான் நம்மாத்துச் சுவர்ல இறங்கறது. கேட்டா, எங்க குளிமுறி பின்னாடி இருக்கு மாமிங்கறான். அன்னிலேருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவா ஆத்துக் கல்யாணத்துக்குக்கூட நான் போகலை, கேட்டேளா."

"கல்யாணச் சாப்பாட்ட விட்டுட்டீங்களா? சுவரு மேல அவ்வளவு கோவமா?"

"பாயசம் நன்னா இருந்துதாம்" என்றார் மாமி.

மைதீன் கடைக்குப் போய் ஒரு முழம் பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டும் டேப்பும் வாங்கிவந்தார். கறுப்பின் ஓரத்தில் ஒரு சதுரத்தைத் துடைத்து, ஷீட்டை வைத்து நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டினார். தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வந்தால் ஷீட்டுக்குப் பின்னால் முத்து முத்தாக நிற்கும். அறைக் காற்றிலிருந்து வந்தால் ஷீட்டுக்கு முன்னால் நிற்கும்.

"இவ்வளவுதானா?" என்றார் மாமி.

"இவ்வளவுதான். பொய் சொல்லாது."

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். மாமி ஆறு மணியிலிருந்து அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரும் குனிந்தார்கள். ஷீட்டின் முன்பக்கம் பொடிப்பொடியாகத் துளிகள். மைதீன் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் நனைந்தது. டேப்பை உரித்துப் பின்பக்கத்தைத் தொட்டார். காய்ந்து கிடந்தது.

"வெளியிலேருந்து ஒரு சொட்டு வரல மாமி. தண்ணி இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு. காத்துல இருக்கு."

மாமிக்கு முகம் தொங்கிவிட்டது. எட்டு மாதப் பகையின் ஆதாரம் ஒரு பிளாஸ்டிக் துண்டில் போய்விட்டது. "அப்போ அவன் பண்ணலையா?"

மைதீன் அறையைச் சுற்றிப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொடி, அதில் ஈரப் புடவை, துண்டு, போர்வை. மழைக்காலத்தில் மாமி துணி காயப்போடுவது இங்கேதான். மேலே காற்றுப்போக்கிகள் இரண்டிலும் அட்டை செருகியிருந்தது. மூன்று வருஷம் முன்பு மரநாய் உள்ளே இறங்கி அமர்க்களம் பண்ணியதிலிருந்து அப்படி. துணியின் ஈரம் வெளியே போக வழியில்லை, சரி. ஆனால் நாலு சுவர் இருக்கிறதே. மூன்றும் சுத்தமாக இருக்க, இந்தச் சுவர் மட்டும் ஏன் வியர்க்கிறது?

உள்ளங்கையை எதிர்ச் சுவரில் வைத்தார். பிறகு கறுப்புச் சுவரில் வைத்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, இந்த முறை புறங்கையை வைத்தார்.

"மாமி, இங்க கை வைங்க. இப்ப அங்க வைங்க."

"ஐயோ, ஜில்லுன்னு இருக்கே. பானை மாதிரி."

பென்சிலை எடுத்து, குளிர் எங்கே முடிகிறதோ அங்கே புள்ளி வைத்துக்கொண்டே போனார் மைதீன். முப்பது புள்ளி. தள்ளி நின்று பார்த்தார்கள். புள்ளிகளுக்கு உள்ளேதான் பூஞ்சணம் இருந்தது, ஒரு விரல்கூட வெளியே போகவில்லை. குளிர்ந்த சுவரில் ஈரக்காற்று பட்டால், ஐஸ்மோர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் போல, நீர் கட்டும். அந்த நீரைக் குடித்துத்தான் அது வளர்ந்திருக்கிறது. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் மைதீன் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

சுஜித் கதவைத் திறந்ததும் குளிர் காலில் வந்து மோதியது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், முப்பது வயதாகவில்லை, கல்யாண வீட்டு போட்டோகிராபர். அறையில் ஏ.சி. நேராக அந்தச் சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் பதினெட்டு.

"இது எப்ப போட்டது தம்பி?"

"ரெண்டு வருஷம் முன்ன ஜனவரியில, மைதீனிக்கா. ஆஃப் செய்யறதே இல்லை. ராத்திரி பகல் ஓடும்."

"ஆளு இருக்கியோ இல்லியோ?"

"எனக்கில்ல இக்கா, இதுக்கு." சுவரோரம் கண்ணாடி அலமாரியைக் காட்டினான். கறுப்புக் கறுப்பாக ஏழு லென்ஸ். "அதுக்கு முந்தின மழையில ஒண்ணு போச்சு. உள்ள கண்ணாடியில பூப்பல் கேறி, எட்டுக்கால் பூச்சி வலை மாதிரி ஆயிட்டு. ஏ.சி. போட்டா காத்து உலரும், பூப்பல் வராதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தான்."

மைதீன் அலமாரியைப் பார்த்தார், ஏ.சி.யைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சுஜித்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ இங்க பூஞ்சை வராம பாத்துக்கிட்டே, தம்பி. அது சுவரத் தாண்டி மாமி வீட்டுல போய்க் குடியேறிட்டு. வந்து பாரு."

எட்டு மாதத்துக்குப் பிறகு சுஜித் மாமி வீட்டுக்குள் கால் வைத்தான். பென்சில் புள்ளிகளைப் பார்த்தான், கையை வைத்துப் பார்த்தான், மறுபக்கம் ஏ.சி. எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் அளந்தான். "அய்யோ மாமி, சத்தியமா அறிஞ்சில்ல" என்றான். பிறகு ஓடிப்போய், அலமாரிக்குள் வைத்திருந்த சின்ன மீட்டரை எடுத்துவந்தான். காற்றில் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டுவது. அறையில் அது தொண்ணூற்றொன்று காட்டியது.

"எவ்வளவு வந்தா நல்லது?" என்றார் மாமி.

"எழுபதுக்குக் கீழ இறங்கினா இதுக்குத் தீனி கொறையும்" என்றார் மைதீன். "அறுபதுன்னா ரொம்ப நல்லது. ஆனா நம்ம ஊர்ல ஆவணில அறுபதுக்கு ஆசப்படக் கூடாது."

ஏ.சி.யை நிறுத்த வேண்டும். அங்கேதான் சுஜித் தயங்கினான். ஆவணி கல்யாண மாசம், ஏழு லென்ஸும் அவன் சோறு. காற்றுப் புகாத பெட்டி ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருந்தால் ஏ.சி.யே வேண்டாம் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். பொட்டலம் கடையில் கிடைக்கும். அவ்வளவு பெரிய பெட்டிக்கு எங்கே போவது?

பெட்டி மாமியிடம் இருந்தது. சமையலறைக்குப் போய், ரப்பர் விளிம்பு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிவந்தார். உள்ளே இருநூறு அப்பளம். எந்த மழையிலும் நமுத்துப்போகாமல் பதினோரு வருஷமாகக் காத்த டப்பா.

"அரிசி கொஞ்சம் அடியில போட்டுத் தரட்டுமா? உப்புல நாங்க அப்படித்தான் போடுவோம்."

"அரிசி வேண்டாம் மாமி, பொடி லென்ஸ்ல கேறும். டப்பா மட்டும் போதும்."

"நன்னா அலம்பி வெயில்ல வெச்சு எடுத்துக்கோ. இல்லைன்னா உன் போட்டோல கல்யாணப்பொண்ணு பெருங்காயம் மணப்பா."

மத்தியானம் ஏ.சி. நின்றது. இருநூறு அப்பளமும் நாலு வீட்டுக்குப் பங்கு போயின. மறுநாள் காலை சுவர் எதிர்ச் சுவரின் சூட்டுக்கு வந்துவிட்டது. மைதீன் அதைப் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

அதன் பிறகுதான் கறுப்பை எடுக்கும் வேலை. ஸ்ரீலட்சுமியைப் பக்கத்திலேயே விடக் கூடாது என்று முதலிலேயே போனில் சொல்லிவிட்டார். மாமியையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார், கதவின் அடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார், வெளிப்பக்க ஜன்னலை அகலத் திறந்தார். மின்விசிறியைத் தொடவில்லை, சுற்றினால் வித்து வீடு முழுக்கப் பறக்கும். என்95 முகக்கவசம், கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழங்கை வரை கையுறை. உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தன் பழைய காலத்தை நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டார். இந்த முறை முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்தார். நனைந்தது பறக்காது. பிறகு உரிந்த பெயின்டையும் அதன் அடியில் பூசியிருந்த பட்டியையும் சுரண்டி எடுத்தார். போன வருஷ ஐவரி, அதற்கு முந்தின வருஷ ஐவரி, எல்லாம் வந்தது. சிமென்ட் பூச்சு தெரியும்வரை சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்தார், துடைத்தார், மறுபடி தேய்த்தார். சுரண்டியதையும் துடைத்த துணியையும் பையில் போட்டு அங்கேயே வாயைக் கட்டித்தான் வெளியே கொண்டுவந்தார்.

கழிப்பறைக்கு வைத்திருந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாகப் போகுமே என்று மாமி கதவுக்கு வெளியிலிருந்து யோசனை சொன்னார்.

"அத ரெண்டையும் சேத்தா விஷப்புகை வரும் மாமி. பூஞ்சை இருக்கும், நாம போயிருவோம்."

பீரோவின் முதுகுப் பலகை பிளைவுட். உள்ளே ஊறிப்போயிருந்ததால் கழற்றி எறிந்தார். பஞ்சு மெத்தைக்குத்தான் சண்டை.

"வெயில்ல நாலு நாள் போட்டா போறாதா?"

"சுவரத் தேய்க்கலாம், இரும்பத் தேய்க்கலாம். பஞ்சுக்குள்ள கை விட்டுத் தேய்க்க முடியுமா? உங்க மவ அதுலதான முகத்த வச்சுப் படுக்கப்போறா?"

மெத்தை போனது. துணிக்கொடி பின்கட்டுக்குப் போனது. காற்றுப்போக்கி அட்டைகளைப் பிடுங்கிவிட்டு, மரநாய் நுழையாதபடி கம்பிவலை அடித்தார். பீரோ சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. எல்லாம் துடைத்து முடித்த பிறகே மின்விசிறியைப் போட்டார்.

அடுத்து எண்கள். மைதீன் பகலில் ஹரிகுமாரின் மற்ற வீடுகளுக்கு ஓடினார். மாமி காலையும் மாலையும் மீட்டரைப் பார்த்து போனில் சொன்னார். எண்பத்தாறு. எண்பத்திரண்டு. நடுவில் ஒரு நாள் மழை அடித்து எண்பத்தெட்டு. அன்று மாமியின் குரல் அழும்போல இருந்தது. "மழையப் பாக்காதிய, சுவரத் தொட்டுப் பாருங்க" என்றார் மைதீன். சுவர் உலர்ந்துதான் இருந்தது. மறுநாள் வெயில். எழுபத்தேழு. எழுபத்து மூன்று. ஏணியில் நிற்கும்போது போன் வந்தால் பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு எடுத்தார். கூட வேலை செய்தவர்கள், யாருக்கு என்ன ரிசல்ட் என்று கேட்டார்கள். "சுவருக்கு" என்றார்.

பத்தாம் நாள் ஹரிகுமாரே வந்து நின்றார். வெற்றுச் சிமென்ட் சுவரைப் பார்த்தார். "ஓணத்துக்கு ஆள் வரும் மாமி. இப்படியே விடவோ?"

"ஆள் ஹால்ல உட்காரட்டும்" என்றார் மாமி. மீட்டரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அறுபத்தெட்டு.

ஹரிகுமார் மீட்டரைக் கையில் வாங்கி, அது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று சுஜித்திடம் விசாரித்துக்கொண்டு போனார்.

ஸ்ரீலட்சுமி முதலில் ஒரு மத்தியானம் மட்டும் வந்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள் தங்கினாள். மூன்றாம் நாள் காலை மைதீன் வந்தபோது அவள் கூடத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"ரெண்டு நாளும் நன்னாத் தூங்கினேன் அண்ணா. இன்ஹேலரைத் தொடவே இல்லை. அம்மா கொறட்டைதான் சத்தம்."

"நான் கொறட்டை விடறதில்லை" என்றார் மாமி சமையலறையிலிருந்து. "மைதீனே, ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுப் போ."

மைதீன் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே திறந்திருந்த கதவு வழியே அந்தச் சுவர் தெரிந்தது. சாம்பல் நிறம், ஒரு பூச்சும் இல்லை. இருபத்திரண்டு ஓணத்தில் அவர் முடித்துக் கொடுத்த எந்தச் சுவரையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஸ்ரீலட்சுமி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியோடு வலியசாலைக்கு வருகிறாள். பிரசவத் தேதி அக்டோபர் ஏழு. அந்தச் சுவருக்கு ஜனவரி இரண்டாம் வாரம், ஐப்பசி மழையும் கழிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, மைதீன் ஈரத்தை உள்ளே அடைக்காத சுண்ணாம்பு அடிக்கிறார்.